இன்னும் வராதவர்களின் தலைவர்

செய்தி வந்தபோது நான் சாலையோரத்தில் உடைந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குழாய் உடைவது எங்கள் ஊராட்சியில் இப்போது அன்றாட வேலையாகிவிட்டது. லாரிகள் அதிகம், சாலை அகலம் குறைவு. கைபேசியில் எங்கள் முன்னாள் தலைவர் கலைச்செல்வி அம்மாவின் கணவர் பேசினார். "செல்வி போயிடுச்சு கிளார்க்கு" என்றார். சிறுநீரகக் கோளாறோடு அந்த அம்மா புதுச்சேரிக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தது அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். எதிர்பார்த்த செய்திதான். பள்ளத்தில் நின்றிருந்த டேங்க் ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் குழாயை ஒட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். பாதியில் விட்டுப் போயிருந்தால் அந்த அம்மா திட்டியிருப்பார்.

ஊராட்சி செயலராகப் பல தலைவர்களிடம் வேலை பார்த்தவன் நான். ஊருக்கு இன்னும் கிளார்க்குதான். கலைச்செல்வி அம்மா மட்டும் என்னை 'அண்ணா' என்று கூப்பிடுவார். பட்டப்படிப்பு முடித்து, புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். கணவர் உப்பு மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டினார். பெண்களுக்கென்று தலைவர் பதவி ஒதுக்கப்பட்டபோது, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நம்பி அவரை நிறுத்தினார்கள். அந்தக் கணக்கு தப்பியது. அதற்காக அவரைப் பெரிய போராளி என்று நீங்கள் பேசத் தொடங்கினால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்திலிருந்தே களைப்பாக இருந்த மனுஷி அவர். கூட்டங்களில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து யாராவது குரலை உயர்த்தினால், "பேசுங்க, கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்பார்.

அவர் பதவிக்கு வந்த நேரம் அப்படி. மரக்காணம் பக்கம் உப்பளங்களைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக வண்ணக்கொடிகளும் அலங்கார வளைவுகளும் முளைத்துக்கொண்டிருந்தன. சவுக்குத் தோப்பு இருந்த இடமெல்லாம் மனைக்கல். சென்னையில் இருப்பவர்கள் வாங்கினார்கள். சிலர் வீடு கட்டி, புதுச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். வரைபடத்தோடு ஒரு மனை வியாபாரி வந்தால் கலைச்செல்வி அம்மா அதை மேஜை மேல் விரித்து நெடுநேரம் பார்ப்பார். ஒருமுறை, இந்தச் சாலையில் எதிரெதிரே இரண்டு வண்டி எப்படிப் போகும் என்று கேட்டார். விதிப்படி அகலம் விட்டிருக்கிறோம் என்றார் வந்தவர். இங்கே யாரும் குடிவரப் போவதில்லை, எல்லாரும் முதலீட்டுக்குத்தான் வாங்குகிறார்கள் என்றும் சமாதானம் சொன்னார்.

"வருவாங்க சார். வந்து நிக்கறப்ப நீங்க இருக்க மாட்டீங்க. என்னத்தான் தேடி வருவாங்க" என்றார் தலைவரம்மா.

சாலை அகலமாகவில்லை. விதியில் இருந்ததற்கு மேல் கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.

புதிய தண்ணீர்த் தொட்டி வந்தபோதும் இதே கதைதான். அன்றைக்கு இருந்த மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் மதிப்பீடு தயாராகி வந்தது. இன்னும் பெரிதாக வேண்டும் என்று அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். காலி மனைகளைக் காட்டித் தொட்டி கேட்க முடியாது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஓட்டு இல்லாதவங்களுக்காகக் கேக்கறேன்ல, அதான் யார் காதுலயும் ஏற மாட்டுது" என்றார். தொட்டி சிறியதாகவே கட்டப்பட்டது. அடுத்தடுத்த கோடைகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டோம். பழைய ஊர்க்காரர்கள் புதியவர்களுக்குத் திருப்பிவிட்டதாக அவரைத் திட்டினார்கள். புதியவர்கள் ஊர்க்காரர்களுக்கே எல்லாம் போகிறது என்று திட்டினார்கள். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் அதிகம் பேசாத நாள் ஒன்று உண்டு. அதை நான் சொல்லியாக வேண்டும்.

புதிய நகர் ஒன்றில் குடியிருந்த ஒரு பெரியவர் காலையில் இறந்துபோனார். மகன் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். மனை வாங்கி, கடன் போட்டு வீடு கட்டி வந்தவர். அப்பாவை எங்கே கொண்டுபோவது என்று கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. அத்தனை நகர்களின் வரைபடத்திலும் பூங்கா இருந்தது, கடைகளுக்கு இடம் இருந்தது, ஒன்றில் நீச்சல்குளம்கூட இருந்தது. சாவுக்கு இடம் இல்லை.

தலைவரம்மா ஊருக்குள் போனார். நானும் போனேன். ஊர்ப் பெரியவர்கள் கோயில் பக்கத்தில் கூடினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் எனக்கு உறவு. யாரென்றே தெரியாதவர்களை நம் சுடுகாட்டில் எப்படி விடுவது என்றார்கள். இன்று ஒருவரை விட்டால் நாளை ஊரே வரும் என்றார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்.

"அவங்க என்ன ஆளுங்க? அத மொதல்ல கேட்டுனு வாங்க."

"அப்பாவப் பறிகொடுத்துட்டு நிக்கற புள்ளகிட்ட போய் அதை நான் கேக்க மாட்டேன்" என்றார் தலைவரம்மா.

சம்மதம் இல்லாமலே கூட்டம் கலைந்தது. அங்குள்ள சுடுகாட்டையாவது கேட்கலாம் என்று காலனிக்குப் போனோம். தாராளமாகக் கொண்டுவரலாம், ஆனால் மழைத் தண்ணீர் வடியவில்லை, பாதையிலேயே முழங்காலுக்கு மேல் நிற்கிறது என்று காட்டினார்கள். உண்மைதான்; போன மழையில் தங்கள் சாவையே அவர்கள் தெப்பம்போல் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அந்த மகன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டிருந்தார். திருவண்ணாமலைப் பக்கம் அவர்கள் சொந்த ஊர்.

"பரவால்ல மேடம். வந்த வழியே போயிடறோம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். வண்டி போன பிறகும் தலைவரம்மா சாலையிலேயே நின்றார். "வீட்டு வரி வாங்கறப்ப மட்டும் நம்ம ஊருக்காரங்களாண்ணா?" என்று கேட்டார். சில மாதங்களில் அந்த வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது.

யார் இறந்தாலும் கொண்டுபோகலாம் என்று ஒரு பொது மயானம், அதுவும் மழையில் மூழ்காத மேட்டு நிலத்தில். மீதிப் பதவிக்காலம் முழுக்க அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். உப்பளப் பாதைக்கு மேற்கே புறம்போக்கு மேடு ஒன்று இருந்தது. இளைஞர்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள், அவர்களுக்குக் கோபம். பக்கத்தில் மனை போட்டவருக்கு அதைவிடக் கோபம். முதல் கிராம சபை கூச்சலில் கலைந்தது. அடுத்ததற்குப் போதிய ஆள் வரவில்லை. மூன்றாவதில் நூறுநாள் வேலையைப் பற்றிப் பெரிய சண்டை மூண்டு, அந்தக் களைப்பில் மயானத் தீர்மானம் யாரும் எதிர்க்காமல் நிறைவேறியது. வென்றுவிட்டோம் என்று நான் சிரித்தேன். "ஜெயிக்கலண்ணா. அவங்களுக்கு வாய் வலிச்சுப்போச்சு" என்றார். அவருக்கும் வலி அப்போதே தொடங்கியிருக்க வேண்டும். கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றார். வீட்டுக்குப் பக்கத்தில் சுடுகாடு கொண்டுவந்தவள் என்று பேசினார்கள். யாருக்காக அலைந்தாரோ அவர்களில் பலரின் ஓட்டு இன்னும் சென்னையில்தான் இருந்தது.

மயானம் வந்துவிட்டது. சுற்றுச்சுவர், தகரக் கொட்டகை, ஒரு கைப்பம்பு. நகர்களிலிருந்து கொண்டுவருகிறார்கள், மழைக்காலத்தில் காலனியிலிருந்தும் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் இன்னும் வருவதில்லை. கலைச்செல்வி அம்மாவையும் அங்கேதான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் அடக்கத்தன்று என்னிடம் முணுமுணுத்தீர்கள். உறவினர்கள் பழைய சுடுகாட்டுக்கே கொண்டுபோனார்கள். அந்த வீட்டில் அன்று அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக அவரை நான் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். மருத்துவமனைக்குக் கிளம்பி, மருந்துப் பையோடு நின்றிருந்தார். ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருந்த புதிய பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, இங்கே பள்ளிக்கூடம் எப்படி, தண்ணீர் வருமா, ஆட்கள் எப்படி என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். தண்ணீர் கொஞ்சம் கஷ்டம், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆட்கள் முதலில் முறைப்பார்கள், பழகிவிட்டால் நல்லவர்கள் என்றார்.

"நீங்க இந்த ஊராக்கா?" என்று கேட்டாள் அவள்.

நான் முந்திக்கொண்டு, இவர் யார் தெரியுமா என்று சொல்ல வாயெடுத்தேன். கலைச்செல்வி அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு குழந்தையின் காலைத் தொட்டு, "ஆமாம்மா, இதே ஊர்தான். நீயும் இனிமே இந்த ஊர்தானே" என்றார்.

ஆட்டோ வந்தது. அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் உள்ளே இடம் விட்டுவிட்டு, அவர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரேனும் புதிதாக அலுவலகத்துக்கு வந்து தயங்கி நின்றால், அந்தப் பெண்ணிடம் அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் இப்போது சொல்லிப் பார்க்கிறேன். அவரளவுக்கு எனக்கு இன்னும் இயல்பாக வரவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.