கண்ணைக் கழற்றி வைத்தா லேசர் அடிப்பார்கள்?

போன வியாழக்கிழமை மதியம். வேங்கிக்காலில் எங்கள் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து, முதல் வாய் தயிர் சாதத்தை உள்ளே தள்ளியிருந்தேன். புவனா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண். இருபத்து நாலு வயது. கண்ணில் நல்ல கனமான சோடாபுட்டிக் கண்ணாடி.

“அக்கா, நீங்க லேசர் பண்ணிக்கிட்டீங்களாமே?”

“ஆமா. ஏழு மாசம் ஆச்சு.”

சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“கண்ணை வெளிய எடுத்து, தட்டுல வெச்சு, லேசர் அடிச்சிட்டு, திரும்ப உள்ள வெச்சிடுவாங்களாமே... நெஜமாக்கா?”

தயிர் சாதம் தொண்டையில் நின்றது.

“யாரு சொன்னா?”

“கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. லெப்ட்டு கண்ணை ரைட்ல மாத்தி வெச்சிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

எங்கள் ஊரில் லேசர் செய்துகொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள்? தெருவுக்கு நாற்பது பேர்! புவனாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சோடாபுட்டி இருக்கக்கூடும்.

என் பவர் மைனஸ் எட்டரை. ஆறாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி, முப்பத்து நாலு வயது வரை இறங்கவில்லை. அதைக் கழற்றினால் என் உலகம் அரைச் சாண் தூரம்தான். அதற்கு அப்பால் எல்லாமே மழையில் நனைந்த கலர் கோலம். இத்தனை வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். மிச்ச வருடங்களையும் ஓட்டியிருப்பேன்... என் மகள் நிவேதாவின் பள்ளி ஆண்டு விழா மட்டும் வராமல் இருந்திருந்தால்.

விழாவுக்குக் கிளம்பும்போது, முகத்துக்குப் பவுடர் போடக் கண்ணாடியைக் கழற்றி சோபாவில் வைத்தேன். என் கணவர் ஷூ மாட்ட அதே சோபாவில் உட்கார்ந்தார். ‘நறுக்’ என்றது. பழைய கண்ணாடியோ, லென்ஸ் மாற்றக் கடையில் கிடந்தது. என்ன செய்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் நடனம். எல்லோருக்கும் மஞ்சள் பாவாடை. மேடையில் பன்னிரண்டு மஞ்சள் உருண்டைகள் சுழன்றன. முன்னால் நடுவில் சுழன்ற உருண்டை நிவேதாதான் என்று என் தாய் மனசு அடித்துச் சொன்னது. எட்டு நிமிடம் அதையே பார்த்து, கை சிவக்கத் தட்டினேன். “நிவீ...” என்று கத்தக்கூடச் செய்தேன்.

பக்கத்து நாற்காலி அம்மா மெதுவாகச் சொன்னார். “அது எங்க சுவேதாங்க.”

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவில் நிவேதா. வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்.

“நான் உனக்குக் கை ஆட்டினேம்மா. ரெண்டு வாட்டி ஆட்டினேன். நீ என்னைப் பாக்கவே இல்ல.”

அவ்வளவுதான். அடுத்த மாதம் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

ஏறியவுடன் கண்ணில் லேசரைப் பாய்ச்சிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் முழுக்க டெஸ்ட். ஒரு மெஷினில் தாடையை வை, இன்னொன்றில் நெற்றியை ஒட்டு, இதில் பலூனைப் பார், அதில் சிவப்புப் புள்ளியைப் பார். பிறகு ஒரு சொட்டு மருந்து. கண்பாப்பா விரிந்து, வெயிலைப் பார்த்தாலே கண் கூசியது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சில வாரம் முன்பே அதை நிறுத்திவிட்டு வரவேண்டுமாம். பவர் ஒரு வருடமாக ஏறாமல் நின்றிருக்க வேண்டுமாம். முக்கியமாக, கருவிழிக்குப் போதுமான தடிமன் வேண்டும். லேசர் அதைத்தான் இழைக்கிறது. மெல்லிசாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை தூரம் வந்தபின் முடியாது என்றுவிட்டால்?

“பண்ணலாம். ஆனா உங்க பவர் ஜாஸ்தி. முழுசும் போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அரை பவர் நிக்கலாம். கொஞ்ச நாள் கண்ணு உலர்ந்து போகும். ராத்திரி லைட்டைச் சுத்தி வளையம் தெரியும். நாப்பது வயசுக்கு மேல படிக்கிறதுக்குக் கண்ணாடி எல்லாரையும் போல உங்களுக்கும் வரும். இதெல்லாம் சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க.”

என் கணவர் தொண்டையைக் கனைத்தார். அவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருவண்ணாமலையில் பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். உலகில் உள்ள எல்லாவற்றையும் மோட்டாராகத்தான் பார்ப்பார்.

“மேடம், ஒரு டவுட்டு. லேசர் பாதி ஓடுறப்ப கரண்ட் போனா?”

“யூபிஎஸ் இருக்குங்க.”

“அது டவுன் ஆயிட்டா?”

“ஜெனரேட்டர் இருக்குங்க.”

“அது பிக்கப் ஆக எத்தினி செகண்டு ஆவும்?”

டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் மண்டைக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஆபரேஷன் அன்று ஊசி ஏதும் கிடையாது. மரத்துப்போக நாலு சொட்டு மருந்துதான். தலைக்கு ஒரு பச்சைக் குல்லாய். சில்லென்ற அறை. படுக்க வைத்தார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு சின்ன கிளிப். வலிக்குமா? வலிக்கவில்லை. ஆனால் கண் சிமிட்ட நினைத்து, சிமிட்ட முடியாமல் போவது இருக்கிறதே... தும்மல் பாதியில் நின்றுபோனது மாதிரி.

“மேல மினுக்குற லைட்டையே பாருங்க. இப்ப கண்ணு மேல ஒரு வளையம் வைப்பேன். கொஞ்சம் அழுத்தும். கொஞ்ச நேரம்...”

டாக்டர் முடிப்பதற்குள் கண்ணை யாரோ கட்டை விரலால் அமுக்கினாற்போல இருந்தது. விளக்கு மங்கியது. மங்கி... அணைந்தே போனது. கும்மிருட்டு!

“மேடம்! கரண்ட் போயிடுச்சு! ஜெனரேட்டர் போடுங்க!”

கத்தியது நான்தான். உடம்பை மட்டும் ஒரு நூல்கூட அசைக்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

“கரண்ட் இருக்கும்மா. உங்க கண்ணு மட்டும்தான் லீவு போட்டிருக்கு. அசையாதீங்க. அவ்ளோதான்... இதோ வந்துடுச்சு பாருங்க.”

வந்தது. அந்த வளையம் அழுத்தும்போது சில நொடிகள் பார்வை இருளுமாம். அதைத்தான் அவர் சொல்ல வந்திருக்கிறார். கருவிழியின் மேல்படலத்தை மெல்லிய மூடி போலத் திறந்து, அடியில் லேசர் அடித்து, திரும்ப மூடிவிடுகிறார்கள். தையல்கூட இல்லை. ‘டக் டக் டக்’கென்று ஒரு சத்தம். முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம் இருக்கலாம். அடுத்த கண்ணுக்கும் அதே. இரண்டாவது முறை இருட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அனுபவசாலி அல்லவா?

என்னை நடத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பனிமூட்டத்துக்குள் நடப்பது போலிருந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர். “ஏங்க...” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வரவேற்பறையில் ஒரே பரபரப்பு.

நடந்தது இதுதான். உள்ளே நடக்கும் ஆபரேஷனை, சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக வெளியே டிவியில் காட்டுகிறார்கள். அதில் என் ஒற்றைக் கண் மட்டும் சுரைக்காய் சைஸில் தெரிந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் பத்து ஹெச்பி மோட்டாரை அக்கக்காகப் பிரித்து மேய்ந்த என் கணவர், அந்தப் படலம் திறப்பதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டார்!

ஒரு நர்ஸ் அவர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் தடவித் தடவிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் விசிறினேன்.

அப்போதுதான் ஷிப்ட் மாறி வந்த மூன்றாவது நர்ஸ் என்னிடம் கேட்டார். “நீங்கதான் பேஷண்டோட அட்டெண்டருங்களா?”

என் கணவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: “மூடி சரியா உக்காந்துச்சா?”

அன்று மாலை வரை மிளகாய்த் தூள் பட்ட மாதிரி எரிச்சல். தாம்பரத்தில் தங்கை வீட்டில், கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டு தூங்கினேன். காலையில் மூடியை எடுத்தேன். எதிர்ச்சுவர் காலண்டரில் தேதி தெரிந்தது. தேதிக்குக் கீழே ராகுகாலம் தெரிந்தது! வாழ்க்கையில் முதல்முறையாக ராகுகாலத்தைப் பார்த்து அழுதவள் நானாகத்தான் இருப்பேன். கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஊர் திரும்பிய பிறகு சட்டதிட்டங்கள். மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டு மருந்து. ஒரு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. மை கூடாது. தூசியில் கறுப்புக் கண்ணாடி. இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். தெருக்காரர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்றே விரலைக் காட்டினார்கள். “இது எத்தினி, சொல்லு?” பால்காரர் மூன்று விரல் காட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தோளில் சிலிண்டரோடு இரண்டு விரல் காட்டினார்.

இன்னொன்றையும் யாரும் எச்சரிக்கவில்லை. கீறல் விழுந்த கண்ணாடி வழியே பார்த்து, என் வீடு படுசுத்தம் என்று பத்து வருடமாக நம்பியிருந்தேன். பார்வை வந்ததும் பார்க்கிறேன்... மூலைக்கு மூலை ஒட்டடை! குழம்புத் தாளிப்பு தெறித்த சுவர். கண்ணாடி முன் நின்றால், எனக்கே ஏழு நரைமுடி.

பத்தாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். மணி அடித்ததும் நானூறு குழந்தைகள் வெளியே கொட்டினார்கள். எல்லோரும் ஒரே யூனிபார்ம், ஒரே ரெட்டைச் சடை. நடுவில் ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்து, தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு... என் நிவேதா! அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். கையை ஆட்டினேன். அவள் நின்றாள். நம்பாமல் ஒரு கையைத் தூக்கி நாலு விரல் காட்டினாள்.

ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றெல்லாம் யோசிக்கவில்லை. “நாலு!” என்று கத்தினேன். ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னபடியே அரை பவர் நின்றுவிட்டது. தெருவிளக்குகளுக்கு இன்னும் லேசாக வளையம் உண்டு. சொட்டு மருந்து ஹேண்ட்பேக்கில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நான் புவனாவிடம் சொன்னதெல்லாம் இதுதான்: கேன்டீனைக் கேட்காதே, போய் டெஸ்ட் எடு, வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வா.

அவளிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நாற்பதடி தள்ளி, பூக்கடைப் பக்கத்தில் சகுந்தலா அண்ணி. என் கணவரின் பெரியப்பா மகள். கீழ்பென்னாத்தூரில் குடித்தனம். வாட்டசாட்டமான உடம்பு. ஆறு வருடமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று எங்களுக்கும் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகம் திருப்புவதை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை!

நேரே போய் எதிரில் நின்றேன்.

“அண்ணி, நல்லா இருக்கீங்களா?”

“பரவால்லியே. என்னையெல்லாம் கண்ணு தெரியுதா?”

“என்னா அண்ணி இப்படிப் பேசறீங்க?”

“பின்ன? தம்பி பையன் கல்யாணத்துல நேரா எம் மூஞ்சியைப் பாத்துட்டு, ஒரு சிரிப்புகூட சிரிக்காம போனியே. நானா வந்து சிரிச்சேன்ல?”

எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. கண்ணாடியில் பிளாஷ் அடிக்கிறது என்று போட்டோகிராபர் சொன்னதால் கழற்றிக் கைப்பையில் போட்டிருந்தேன்.

“ஐயோ அண்ணி, அது நான் லேசர் பண்ணிக்கறதுக்கு முன்னாடி. அன்னைக்குக் கண்ணாடி போடலை. சத்தியமா நீங்கன்னு தெரியல. மண்டபத்துத் தூணுன்னு நெனச்சிட்டேன்.”

“தூணா!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அண்ணி தன்னைத்தானே ஒரு தடவை கீழிருந்து மேல் பார்த்துக்கொண்டார். இன்னொரு ஆறு வருடம் என்று முடிவு செய்துவிட்டேன். நல்லவேளை... உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நல்லாதான் பண்ணி இருக்காங்க. அந்த ஆஸ்பத்திரி அட்ரஸைக் குடு. எங்க வீட்டுக்காரருக்கும் இருவது வருஷமா நான் எதிர்ல நின்னா தெரிய மாட்டேங்குது.”

“அதுக்கு இன்னும் லேசர் வரலை, அண்ணி.”