ஷோகேஸில் ஏறிய பேஸ் பெட்டி

திண்டிவனத்தில் அக்கா வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. விழுப்புரத்தில் கடை கடையாக ஏறி, காதால் கேட்டு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பேஸ் பெட்டி, பாட்டின் கனத்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் அது. தரையில் இருக்கவேண்டியது. மாமா அதை ஷோகேஸ் நடுத்தட்டில், கல்யாணத்துக்கு வந்த பொம்மைகளுக்கும் கண்ணாடிக் கோப்பைகளுக்கும் நடுவே உட்கார வைத்திருந்தார்.

“நீ எடுத்துக் குடுத்த பொட்டி சரியில்ல மச்சான். பேஸே வரல. நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்துட்டு ஆள் உயரத்துக்கு ரெண்டு வாங்கிக்கினு வரப்போறேன்.”

பெட்டி போனால் அந்த வீட்டில் என் பேச்சும் கூடவே போய்விடும். அப்புறம் ஒரு மிக்சி வாங்கினாலும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

மாமா வால்யூமை முழுக்கத் திருப்பினார். ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்று ஆடியது.

“இந்த அதிர்வு மட்டுந்தான் வருது” என்றார். கண்ணாடி ஆடுவதற்கும் பேஸுக்கும் வித்தியாசம் தெரியாத காது. அதற்கு ஆள் உயரப் பெட்டி வேறு.

நான் பெட்டியை இறக்கி, அவர் உட்காரும் சோபாவின்மேல் வைத்துப் பாட்டைப் போட்டேன். காதைத் தரையோரமாகத் தாழ்த்திச் சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தேன். கனத்த ஒலி அறைக்குள் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் செத்துவிடும். சோபாவில் பாடும் பெட்டி எந்த மூலையில் நிறைவாகக் கேட்கிறதோ, அந்த மூலையில் பெட்டியை வைத்தால் சோபாவில் அதே நிறைவு கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

“எதனா தொலைச்சிட்டியாடா?” என்றாள் அக்கா.

“தொட்டில் கட்டும்மா, உன் தம்பி தவழ்ந்துக்கினு வர்றான்” என்றார் மாமா.

சோபாவுக்குப் பின்னால் இருந்த மூலைதான் சரியான இடம். பெட்டியை அங்கே மாற்றினேன். மேளம் உருண்டு வந்து நெஞ்சில் இறங்கியது. மாமா சோபாவில் உட்கார்ந்து இரண்டு பாட்டு கேட்டார்.

“சரி, திருப்பிக் குடுக்க வேணாம்” என்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். “புதுசா பொட்டி வாங்கினீங்களாமே, எங்க?”

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த மனிதர் கண்ணால் தேடினார். மாமாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

அவர் போனதும் மாமா சோபாவை இழுத்தார். “ஒரு பக்கம் புடி மச்சான், பொட்டிய ஷோகேஸ்லயே ஏத்திடலாம்.”

“இப்பத்தானே மாமா நல்லா கேட்டுது?”

“கேட்டுச்சு, இல்லங்கல. வர்றவங்களுக்குப் பொட்டி தெரியணும்ல?”

“அப்ப நீங்களே ஏத்திக்குங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.