மலை வண்டி வரட்டும்

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் வழியாக மலைக்குப் போகும் அரசு பஸ்ஸை ஓட்டியவர். நேரத்துக்கு வீடு வராதவர்களுக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு அவருக்குத்தான். குழம்பைச் சுடவைத்து, மறுபடியும் சுடவைத்து, அது தொக்கு மாதிரி சுண்டிப்போன பிறகுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். ஏன் இவ்வளவு நேரம் என்றால், "யாரோ ஓடியாந்தாங்க" என்பார். தினமும் இதே பதில். மலையில் யார்தான் தினமும் இப்படி ஓடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதையும் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் நானே அந்தப் பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மலை ஏறும்போது ஒழுங்காகத்தான் போனார். இறங்கும்போதுதான் வேலையைக் காட்டினார். ஒவ்வொரு ஊருக்கும் முந்தின வளைவிலேயே நீளமாக ஒரு ஹாரன். ஸ்டாப்பில் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னும் யாராச்சும் வர்றாங்களா?" என்று ஒரு கேள்வி. கரியாலூர் தாண்டி ஒரு சரிவில், தலையில் பலாப்பழத்தோடு ஒரு பெண் எங்கோ தூரத்தில் கையை ஆட்டினாள். வண்டி நின்றது நின்றதுதான். பஸ் முழுக்க முணுமுணுப்பு. அதில் என் குரல்தான் பெரிசு.

"இன்னாங்க, எல்லாருக்கும் நின்னுக்கினே இருந்தா எப்பதான் வூடு போறது?"

அவர் திரும்பவே இல்லை. "இத வுட்டா அதுக்கு நாளைக்குத்தான் வண்டி. நமக்குக் கொஞ்ச நேரம், அதுக்கு ஒரு நாளு."

அந்தப் பெண் மூச்சிரைக்க ஏறி, பழத்தைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் நிற்பாரா மாட்டாரா என்ற சந்தேகமே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வந்த பிறகே குழம்பைச் சுடவைப்பது என்று பழகிக்கொண்டேன்.

ரிட்டயர் ஆனபின் நேரத்துக்குச் சாப்பிட்டார். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

போன மாசியில் ஒருநாள் விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். மலையில் பாதி இடத்தில் டவர் கிடையாது. காலை வண்டியில் போன கண்டக்டர் ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்கித் தகவல் சொல்லிக்கொண்டே போனாராம். சாயங்காலம் இறங்குகிற வண்டியில் மலைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்று எனக்குச் சேதி வந்தது.

இங்கே பாடை கட்டியாகிவிட்டது. மேளமும் ஓய்ந்து ஓய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய பெரியப்பா மகன் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணி, பொழுது எறங்கிக்கினு இருக்குது. எடுத்துடலாம்."

"மலை வண்டி வரட்டும்."

"சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்களே. இன்னும் யாரு வரணும்?"

காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் ஆத்திரம் பொங்கியது. "ஓடியாறவங்கள வுட்டுட்டு இந்த மனுஷன் ஒருநாளாச்சும் வண்டிய எடுத்திருக்காரா? இன்னிக்கு மட்டும் எடுத்துக்கினு போவீங்களா? நில்லுங்க."

வெயில் எதிர்வீட்டு மாடி வரைக்கும் ஏறிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கே பயம்தான். வழியில் வண்டி நின்றுபோயிருந்தால் என்ன செய்வது?

மெயின்ரோட்டில் ஹாரன் கேட்டது. அவர் வளைவில் அடிப்பாரே, அதே மாதிரி நீளமாக. அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

தெரு நிறைய வந்தார்கள். காலைத் தொட்டார்கள், முகத்தைப் பார்த்தார்கள். எடுக்கிறவர்கள் பாடையில் கைவைத்தார்கள். நான் எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்தேன்.

"இன்னும் யாராச்சும் வர்றாங்களா?"

தெருமுனையில் ஒருவர், கால் சரியில்லாதவர், கையை ஆட்டிக்கொண்டே விந்தி விந்தி வந்துகொண்டிருந்தார். எல்லோரும் நின்றோம். அவர் வந்து பார்த்து முடித்தார். தெருவில் வேறு யாரும் இல்லை.

"இப்ப எடுங்க" என்றேன்.