நடராசன் கம்ப்யூட்டர்ஸில் செட்டிங் போடுகிறவள்

வெற்றிச்செல்விக்கு அன்று காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது. 'அரியலூர் கேமர்ஸ்' வாட்ஸ்அப் குரூப்பில் அழகேசன் எழுதியிருந்தான்: "கேம் நடுவுல சிஸ்டம் அணைஞ்சு அணைஞ்சு போவுது. பொம்பள போட்ட செட்டிங், வேற எப்படி இருக்கும்?" கொழுப்பைப் பாருங்கள்! கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள். பெரம்பலூரில் கேமிங் சென்டர் திறக்கப்போகிற அசோக்கும் அந்தக் குரூப்பில்தான் இருந்தான். எட்டு சிஸ்டமும் அவளிடம்தான் என்று சொல்லியிருந்தவன், "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்று தனியாக ஒரு வரி அனுப்பிவிட்டான்.

லேசுப்பட்ட வேலையா அது? கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஒரு பிராசஸரை ஓட வைப்பதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர். யூடியூபைப் பார்த்து நாலு எண்ணைத் தட்டிவிட்டால் ஆகிவிடாது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் இரண்டு வாங்கினாலும் இரண்டும் ஒரே மாதிரி தாங்காது. பாலிடெக்னிக் முடித்து, ஏழு வருஷமாகக் கீழப்பழுவூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள் அவள். வேகத்தை ஒரு படி ஏற்றுவாள், வோல்டேஜைத் துளி கூட்டுவாள், மணிக்கணக்கில் ஓடவிடுவாள். அணைந்தால் மறுபடி முதலிலிருந்து. அதுவும் ஏசி இல்லாத கடையில், உச்சி வெயிலில். அரியலூர் வெயிலைத் தாங்கினால்தான் வெளியே அனுப்புவாள். அழகேசனுடைய சிஸ்டத்துக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் கடைக்கு வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லீங்களா?" என்றுதான் கேட்டார்கள். பலகையில் அண்ணன் பெயர் இருக்கிறது. ஆனால் நடராசன் பில் மட்டும்தான் போடுவார்.

பதினோரு மணிக்கு அழகேசன் சிஸ்டத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். சூடு வெளியேறுகிற மேல் ஃபேனை, கல்யாண ஃப்ளெக்ஸில் ஒரு துண்டு வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு மூடியிருந்தான்.

"என்னங்க இது?"

"நம்ம வூடு சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுலங்க. ஒரே தூசி. அதான் மூடிட்டேன்."

"மூடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா?"

மூடியபடியே ஓடவிட்டாள். சூடு தொண்ணூறைத் தாண்டி நூறைத் தொட்டது, பட்டென்று அணைந்தது. ஃப்ளெக்ஸைப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி போட்டாள். அரை மணி நேரமாகியும் எழுபத்தெட்டைத் தாண்டவில்லை.

"குரூப்புல எழுதுங்க. இப்பவே!"

தலையைச் சொறிந்தபடி எழுதினான். அவள் போனில் மெசேஜ் வந்து விழுந்தது: "சிஸ்டம் சரியாயிடுச்சு. நடராசன் அண்ணனுக்கு நன்றி."

வெற்றிச்செல்வி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவ்வளவு ஆத்திரம். செட்டிங் பக்கத்துக்குள் போய், மூன்று நாள் வேலையை ஒரே தட்டில் அழித்தாள்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?"

"என்னோடத எடுத்துக்கிட்டேன். வேகம் வேணும்னா அண்ணங்கிட்டயே போட்டுக்கங்க."

பில் புத்தகத்திலிருந்து நடராசன் நிமிர்ந்தார். "எனக்கு அந்தப் பக்கத்தத் திறக்கவே தெரியாது தம்பி. எல்லாம் தங்கச்சிதான்."

அழகேசன் எழுதியதை அழித்தான். புதிதாக எழுத ஆரம்பித்துப் பாதியில் நின்றான். மூன்று மாதமாகக் கடைக்கு வந்துபோகிறவன், தலையைத் தூக்காமலே கேட்டான்.

"உங்க பேரு என்னங்க?"