தவிட்டுக்கு வாங்கிய மகள்

பிள்ளைகளைச் சீண்ட எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "உன்னயத் தவிட்டுக்குத்தான வாங்குனோம்" என்பார்கள். பிள்ளை அழும், சொன்னவர்கள் சிரிப்பார்கள், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். என் விஷயத்தில் முடியவில்லை. என்னை உண்மையிலேயே ஒரு படித் தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். அதற்கு அரசாங்க முத்திரை குத்திய காகிதமும் இருந்தது.

எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் அம்மாவுக்குத் தங்கவில்லை. நான் பிறந்தது பரவைக்குப் பக்கத்தில், அப்பாவின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் ஆஸ்பத்திரியில். பிறந்த அன்றே அத்தை வந்து, ஒரு படித் தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டி என்னை வாங்கிக்கொண்டாள். பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டால் எமன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விடுவான் என்று நம்பிக்கை. வாங்கிய கையோடு, "எம் மகள நீயே வளத்துக் குடு" என்று அம்மாவிடமே என்னைக் கொடுத்துவிட்டாள். ஊர் வழக்கம் அவ்வளவுதான்.

மாமாவுக்குத்தான் அது போதவில்லை. எதையும் முறையாகச் செய்கிற மனிதர் அவர். பிறப்பைப் பதியப் போன இடத்தில் தகப்பன் பெயர் கேட்டார்கள், தன் பெயரைச் சொன்னார். தாய் பெயர் கேட்டார்கள், அத்தையின் பெயரைச் சொன்னார். பெற்றவர்களின் பெயரைச் சொன்னால் வாங்கியது செல்லாமல் போய்விடும் என்று பயந்தாராம். எமனும் அந்த ஆபீசில்தான் விசாரிப்பான் என்று நினைத்தார் போலும்.

அத்தைக்கு மூன்றும் பையன்கள். பெண் பிள்ளைக்கு ஏங்கிக் கிடந்தவள். விருந்தாளிகள் யாராவது "மூணும் பயலுகதானா?" என்று கேட்டுவிட்டால் போதும், "ஏன், எனக்குப் பொண்ணு இல்லன்னு யாரு சொன்னா?" என்று எழுந்து போய் பீரோவிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து வருவாள். நகைகளைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியிலும் இதை யாரும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு மதுரை காளவாசல் பக்கம் பெரிய பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்க்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டோம். ரேஷன் கார்டில் அப்பா அம்மா, ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மா, பிறப்புச் சான்றிதழில் அத்தையும் மாமாவும். பெரிய டீச்சர் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு அப்பா யாரு?"

"நாந்தான் டீச்சர்."

"அப்ப இதுல இருக்கவரு?"

"அது எங்க மச்சான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அப்பா விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில், திருத்தம் கேட்டு மனு கொடுத்த சீட்டாவது மறுநாள் காலைக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்.

அப்போதே பஸ் ஏறி, அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். அத்தை ஊர் ஆபீசில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. கதையைக் கேட்டுச் சிரித்து முடித்த பிறகு, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் மனுவை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மூன்று மணிக்கு அவர் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். அப்பா போட்டார், அம்மா போட்டாள், மாமா குற்றவாளி போலத் தலை குனிந்து போட்டார். அத்தை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல போட்டா இவ எம் மக இல்லன்னு ஆகிரும்ல?"

"ரிக்கார்டுலதாம்மா."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "தவிட்டத் திருப்பிக் குடுக்காம எப்படிறா மாத்துறது? பிள்ளைக்கு ஆகாது" என்றாள்.

 அப்பா ஓடினார். மாட்டுத்தீவனக் கடையிலிருந்து ஒரு பை தவிட்டோடு வந்தார். அத்தை ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தாள். "பூராம் உமி. நான் மாட்டுக்கா வாங்குனேன்?" அப்பா மறுபடி ஓடினார். மாமாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு பரவை மார்க்கெட் வரை போய், வியர்த்து விறுவிறுத்து வேறு தவிடு கொண்டுவந்தார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது புழுங்கலரிசித் தவிடு. நான் குடுத்தது பச்சரிசித் தவிடு."

"யக்கா, தவிட்டுல என்னக்கா இம்புட்டு?"

"எனக்கு அது மாதிரிதான் வேணும்."

மணி இரண்டரை. அந்த அம்மாள் கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் போய்விடுமே என்று பயம். அந்தப் பள்ளியில் கூடைப்பந்து மைதானம் இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல் வெளியே ஓடினேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போதே ஒரு ரைஸ்மில் கண்ணில் பட்டிருந்தது. மில்லில் ஒருவர் அரைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பச்சரிசித் தவிடு ஒரு படி வேணும்."

"எதுக்குத்தா?"

"என்னய வாங்குறதுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று ஒரு படி அளந்து பழைய பேப்பரில் கட்டிக் கொடுத்தார். இளஞ்சூடாக இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து, "அத்தை, இந்தா! பச்சரிசி! இப்ப அரைச்சது!" என்று அவள் மடியில் வைத்தேன்.

அத்தை பொட்டலத்தைப் பிரித்தாள். விரலில் தேய்த்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில்கூடப் போட்டுப் பார்த்தாள். எதைச் சொல்லலாம் என்று அவள் தேடியது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில், "நல்ல தவிடுதான்" என்றாள். என் கன்னத்தை ஒரு தரம் வழித்துவிட்டு, குனிந்து கையெழுத்தைப் போட்டாள். தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் இரண்டு முறை போயும் முடியாததை நான் ஒரே ஓட்டத்தில் முடித்திருந்தேன். அப்பா மனுச் சீட்டைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா மட்டும் அத்தை ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டி அம்புட்டு வேகமா ஓடுன?" என்றாள்.

என் ஓட்டத்தை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் வேகமாக்கூட ஓடுவேன்" என்றேன்.