ஆள்காட்டி கத்தும் மேடு

மல்லசமுத்திரத்துப் பக்கம் ஏரியோரத்தில் குடியிருந்த சகாயம்மாள், தறிக்காரர்களுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள். ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி வெள்ளத்தில் அவள் புருஷன் உபகாரசாமி மீன் வலையோடு ஏரிக்குப் போனான். வலை மட்டும் கருவேல மரத்தில் மாட்டிக் கிடந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அவனெங்க செத்தான், எவ கூடவோ ஓடிப்போயிட்டான்" என்றார்கள். மைசூர்ப் பக்கம் தாவணகெரேயில் பார்த்ததாக லாரிக்காரர் ஒருவர் சத்தியமே செய்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஏரிக்குள்தான் இருக்கிறார். ஓர் எலும்பு கிடைத்தாலும் போதும், கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வாய்விட்டு அழுவேன் என்பாள்.

பங்குனி கழிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கினால் அவள் வீடு தங்கமாட்டாள். வைகாசியில் ஏரி நடுவே குட்டையளவு நீர்தான் மிஞ்சும். கருவேல மரங்களில் நாரைக் குஞ்சுகளும் நீர்க்காகங்களும் போடும் கூச்சலில் காது அடைத்துப்போகும். அந்தப் பறவைகளை ஊரார் தொடமாட்டார்கள். துப்பாக்கியோடு வந்த டவுன்காரர்களையும் விரட்டியடித்தவர்கள். சகாயம்மாளோ அவற்றை நிமிர்ந்தும் பார்த்ததில்லை. அவள் காது தேடியது ஆள்காட்டிக் குருவியைத்தான். ஆளைக் கண்டால் கத்தித் தீர்க்கும். அந்த ஆள் கரையேறும் வரை தலைக்குமேலேயே கூடவே வரும். அது வருஷாவருஷம் மதகுக்குக் கிழக்கே ஒரு மேட்டைச் சுற்றி வட்டமிட்டுக் கத்தியது. மேட்டில் யாருமே இல்லை. ஆளில்லாத இடத்தில் அது எதற்குக் கத்த வேண்டும்? அங்கே அவர்தான் நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். "வாரேனுங்க, இருங்க" என்று சேற்றில் இறங்குவாள். இடுப்பளவு புதைந்ததும், அழுதுகொண்டே திரும்புவாள்.

மழை பொய்த்த ஒரு வருஷம் குட்டையும் வற்றியது. ஊரே திரண்டு மீன் அள்ளியது. மிச்சத்தைக் கொக்குகள் பொறுக்கின. மனித எலும்பென்று ஒன்றும் அகப்படவில்லை. சகாயம்மாள் மண்வெட்டியோடு அந்த மேட்டுக்கு நடந்தாள். குருவி அவள் தலையை உரசுகிற மாதிரி பாய்ந்து பாய்ந்து கத்தியது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அத்தாயி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, காலடியில பாருங்க!"

மண்ணாங்கட்டி நிறத்தில் நாலு முட்டைகள்.

"அது உங்களப் பாத்துத்தானுங்க கத்துது. நீங்க கரையில தலை காட்டுனாலே ஆரம்பிச்சுருமுங்க. நீங்க வராட்டி அதுபாட்டுக்குப் படுத்திருக்கும்."

சகாயம்மாள் முட்டைகளை விட்டு விலகி, பொழுது சாயும்வரை மேட்டை வெட்டினாள். மண்தான் வந்தது.

"அப்ப அவரு இங்க இல்லீங்களா?" என்று அத்தாயியிடம் கேட்டாள். அத்தாயி ஆடுகளைத் தேடுகிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் சகாயம்மாள் ஏரிக்குப் போகவில்லை. கதவைத் தாழ்போட்டு ராட்டை முன் உட்கார்ந்தாள். செத்தவனுக்கு அழுவதா, ஓடியவனைத் திட்டுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது ஆள்காட்டி கத்தத் தொடங்கியது. ராட்டை நின்றது. ஆடாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அத்தாயியின் ஆடுகள் எதிர்க் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

சத்தம் மேட்டை விட்டு நகர்ந்தது. மதகைத் தாண்டி, கரையேறி, வீட்டுப் பக்கமாக நிதானமாக வந்தது, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்.

சகாயம்மாள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.