தகரச் சுவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பான எண்ணெய்க் கம்பத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நியாயம் கேட்க ஆளனுப்பிக் கூப்பிட்ட டவுன் வாத்தியார் மட்டும் வரவில்லை. இன்று விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது, வாடையோடு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஈப்போ ரயில் பாதையோரம் இருந்த எங்கள் கம்பம் இப்போது இல்லை. கிடங்கில் ஒழுகும் எண்ணெய்த் தகரங்களை ஈயம் வைத்து அடைப்பது எங்கள் ஆட்களின் வேலை. அடைக்க முடியாதவற்றை வெட்டி, தட்டி நிமிர்த்தி, வீட்டுக்குச் சுவராக அடித்துக்கொள்வோம். சோறு, பாய், தலைமுடி எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் மணக்கும். அந்த மணத்துக்காகத்தான் வாத்தியார் என்னை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்.

“அந்த எண்ணெய ஊத்தித்தானே அவரு வீட்டுல வெளக்கு எரியுது?” என்றாள் அம்மா.

“மூக்கப் பொத்திக்கிட்டு ஏத்துவாருலா,” என்றார் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன்.

கெஞ்ச யாரும் போகவில்லை. அன்றைக்கே வீடு வீடாகத் தகரம் கழற்றும் சத்தம் கேட்டது. கம்பத்து நடுவில் பள்ளிக்கூடம் எழுந்தது. காம்பார் ஊரிலிருந்து வேறொரு வாத்தியார் வந்தார். என் குடும்பத்தில் முதல் எழுத்தை நான் அங்கேதான் எழுதினேன். அந்த மழைக்காலம் முழுக்கச் சாக்குத் திரைக்குப் பின்னால் நனைந்தபடி படுத்தோம். எங்களுக்கு ஆன செலவு வீட்டுக்கு ஒன்றாகப் பதினொரு சுவர்.